இரு பூட்டுக் கிட்டங்கியும் அறுபது வினாடியும்

போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணினிப் பொறுப்பாளனாக இருந்தேன். முதலாளிகள் உடன்பிறந்த இருவர். பதினோர் ஆண்டுகளாகப் பேச்சில்லை. சரக்கு வைக்கும் கிட்டங்கியின் கதவுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. காலையில் அண்ணன் தம் பூட்டைத் திறந்துவிட்டு எதிரிலுள்ள டீக்கடைக்குப் போவார். அவர் தெருவைக் கடந்த பின்னரே தம்பி படியேறித் தம் பூட்டைத் திறப்பார். கடை ஒருநாளும் தாமதமாகத் திறந்ததில்லை.

இதற்குக் கீழே விற்க வேண்டாம் என்று தோட்டக்காரர்கள் சொல்லும் அடிவிலை வெளியே கசியாதிருக்க, ஏலத்துக்குப் போகும் குவியல்களின் லாட் பட்டியலைப் பூட்டிவைக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கினோம். கடவுச்சொல் இருவருக்கும் ஆளுக்கொன்று. நிறுவும்போது திரைக்குத் திரை கேள்வி. ஏழாம் திரை, ‘சாவிக்காரர்கள் தனித்தனியே வருவதை அனுமதிக்காதிருப்பதை நிறுத்த வேண்டாமா?’ என்று வினவியது. இலக்கணம் கற்றவன் நான். நான்கு முறை படித்துவிட்டு ‘ஆம்’ என்றேன். ஒருவர் கடவுச்சொல்லை அடித்த அறுபது வினாடிக்குள் மற்றவரும் அடித்தாக வேண்டும் என்பது அதன் பொருள் என்று பிறகே தெரிந்தது.

மறுநாள் நண்பகலுக்குள் பட்டியலை ஏல மையத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் மலையிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய காய் முழுவதும் ஏலத்தில் ஏறாது. அண்ணன் கடவுச்சொல்லை அடித்துவிட்டு, வழக்கம்போல் டீக்கடைக்குப் புறப்பட்டார். அவருக்கு முழங்கால் வலி. தெருவைக் கடப்பதற்குள் அறுபது வினாடி தீர்ந்து திரை மூடிக்கொண்டது. இரண்டாம் முறையும் அவ்வாறே. இன்னொரு முறை தவறினால் சாவியே அழிந்துவிடும் என்று மென்பொருள் அறிவித்தது.

இருவரும் ஒன்றாக அமர வேண்டும் என்றேன்.

“அவன் மூஞ்சியப் பாக்குறதுக்கா? வேற சோலி இருந்தாப் பாருப்பா” என்றார் அண்ணன்.

ஆகவே மேசைக்கு முன் இரு நாற்காலியிட்டு, நடுவே ஏலக்காய் மூட்டைகளைத் தலையுயரம் அடுக்கினேன். மேசைமேலிருந்த விசைப்பலகை மட்டும் இருவருக்கும் பொது. தம்பி அடித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அண்ணன் கையை நீட்டுகையில் மணிக்கட்டு ஏதோ ஒரு விசையில் பட்டது. நான் வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூட்டைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “அண்ணே, கேப்ஸ் லாக்கு விழுந்திருக்கு. பச்ச லைட்ட அமத்திட்டு அடிங்க.”

“எனக்குந் தெரியும்னு அவன்ட்ட சொல்லுப்பா” என்றார் அண்ணன் என்னிடம். விளக்கை அமர்த்திய பிறகே அதைச் சொன்னார்.

பட்டியல் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இளையோருக்கு நான் சொல்வது இதுதான்: நிறுவும் திரையின் கேள்வி விளங்காவிட்டால் வாக்கியத்தோடு மல்லாடாதீர்கள், திறக்க வருபவர்களுள் யாருக்குப் பின் யார் படியேறுவார் என்று முதலில் கேட்டறியுங்கள்.

இனித் தனித்தனியே வரும்படி மாற்றிவிடுகிறேன் என்று அன்று மாலையே அண்ணனிடம் சொன்னேன்.

“இருக்கட்டும்ப்பா. மூட்டைய மட்டும் ரெண்டு வரிசை கொறச்சிரு. லைட்டு தெரியணும்ல” என்றார்.