ஆர்டர் வராத இடம்

சுருட்டைக்குத் தலையில் முடி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது; பெயர் மட்டும் போகவில்லை. முன்பு வேலை பார்த்த அச்சகத்தில் கூட இருந்தவர்கள் வைத்த பெயர் அது. அச்சகம் மூடியதும் பைக்கை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்கு வந்தான். பெயரும் பின்னாலேயே வந்துவிட்டது.

தன் அக்காவை இந்த வேலைக்கு இழுத்து வந்ததும் அவன்தான். கணவன் போன பிறகு அவள் ஒரு துணிக்கடையில் நின்று நின்றே வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டாள். "இதுல நிக்கவே வேண்டாம்க்கா, உக்காந்தபடியே சம்பாதிக்கலாம்" என்று சொல்லி, பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பிடித்துக் கொடுத்து ஓட்டவும் பழக்கினான். அவள் யாரையும் முந்த மாட்டாள். ஆள் அரவமில்லாத முக்கிலும் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவாள். அவள் தெருமுனையில் தெரிந்தாலே மற்ற டெலிவரிக்காரர்கள், "ஊர்வலம் வருது, வழி விடுங்கப்பா" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் கொண்டுபோன சூப் ஒரு நாளும் சிந்தியதில்லை.

ஊர்வலத்துக்கு போனஸ் கிடைக்காது. பசி நேரத்தில் இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு என்று கம்பெனி தருகிற போனஸ், பறக்கிறவர்களுக்கு உள்ளது. அக்காவைத் தாங்கியது கேரண்டி. மதியமும் சாயங்காலமும் போனை ஆன் செய்து தன் ஏரியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும், வருகிற ஆர்டரைத் தள்ளக் கூடாது. அப்படி இருந்தும் சம்பாத்தியம் குறைந்தால், குறைந்ததைக் கம்பெனி போட்டு நிரப்பும். அதனால்தான் அவளால் நிதானமாக ஓட்ட முடிந்தது.

ஒரு மதியம் கால்வாய்க்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த கிடங்குச் சுவர் ஓரம் சுருட்டையின் பைக் பஞ்சர் ஆனது. பஞ்சர் ஒட்டுகிறவன் வந்து சேரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தான். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. சுற்றுவட்டத்தில் ஓட்டலே இல்லை; ஆர்டரெல்லாம் ஓட்டலுக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டிக்குத்தான் போகும். ஆனாலும் அது ஏரியாவுக்குள் அடங்கிய இடம். மறுநாள் பார்த்தால் கேரண்டி முழுசாக வந்திருந்தது.

அன்றைக்கு அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அடுத்த வாரம் பஞ்சர் இல்லாமலே அங்கே போனான். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சுவரோரம் தூங்கினான். கரும்பு தின்னக் கூலியும் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? பிறகு அது வாடிக்கையானது.

அதோடு விட்டிருக்கலாம். தன் சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போயும் போயும் ரேடியோவிடம் சொன்னான். அந்த டெலிவரிக்காரன் காதில் விழுந்தது எதுவும் வாயில் தங்காது என்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயர். அது சுருட்டைக்குத் தெரியாததல்ல. அந்த மாதம் முடிவதற்குள் கிடங்குச் சுவர் ஓரம் பைக்குகள் வரிசை கட்டின. சீட்டாட்டம் நடந்தது. யாரோ ஒரு பாய்கூடக் கொண்டுவந்து போட்டான்.

ஒரு காலையில் அக்கா அவன் வீட்டுக்கு வந்து போனை நீட்டினாள். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டாளாம். கம்பெனியிடமிருந்து என்னமோ வந்திருக்கிறது, படித்துச் சொல் என்றாள். சிலர் முறைகேடாகப் பயன்படுத்தியதால் இந்த ஏரியாவில் கேரண்டி நிறுத்தப்படுகிறது, அதற்குப் பதிலாக போனஸ் உயர்த்தப்படுகிறது என்று இருந்தது. கீழே ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது. அவன் முறைகேடு வரியை விட்டுவிட்டு மிச்சத்தைப் படித்தான்.

அந்த வரி அவளுக்குத் தெருவிலேயே காதில் விழுந்தது. மறுநாள் அவனுக்குத் தட்டில் சோறு போட்டபடி, எவனோ தின்ன வாழைப்பழத்துக்கு நான் தோல் வழுக்கி விழணுமா என்று புலம்பினாள். பிறகு அவளே, "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றும் சொல்லிக்கொண்டாள். சுருட்டை பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினான்.

அக்கா போனஸைப் பிடிக்கப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் கடைத்தெரு சிக்னலில் சுருட்டை நின்றபோது, ஒரு ஸ்கூட்டர் சிவப்பு விளக்கைத் தாண்டி, திரும்புகிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைந்து போனது. யாரோ சின்னப் பையன் என்று நினைத்தான். மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த வலது காலைப் பார்த்த பிறகுதான் அக்கா என்று தெரிந்தது. கையிலிருந்த ஆர்டரை மறந்து பின்னாலேயே போனான். ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்க முடியாமல் ஹேண்டிலைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் கிட்டே போகவில்லை. என்ன சொல்லிப் போவது?

நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போனான். இடத்தைக் கண்டுபிடித்தவன் நான்தான், என் ஐடியை முடக்குங்கள், மற்றவர்களுக்குக் கேரண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்றான். மேசைக்குப் பின்னால் இருந்தவன் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான்.

"அண்ணே, வண்டி எங்க நிக்குதுன்னு எங்களுக்கு மேப்ல தெரியாதா? முதல் வாரமே தெரியும். கேரண்டியை எல்லா ஏரியாவிலயும் ஒண்ணொண்ணா எடுக்கப் போறாங்க. மேலிடத்துல அது எப்பவோ முடிவான விஷயம். மத்த ஏரியாவுக்குக் காரணம் தேடிக்கிட்டு இருக்கோம். இங்க அது தானா கிடைச்சுது."

நியாயமாகப் பார்த்தால் நெஞ்சில் பாரம் குறைந்திருக்க வேண்டும். படி இறங்கும்போது அவனுக்கு வேறொன்றுதான் உறைத்தது. மற்ற ஏரியாக்களில் கேரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனி தேடிய கத்தியை இங்கே தீட்டி, பிடியைத் துடைத்துக் கையில் கொடுத்தவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். அவள் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சர் ஆன நாளிலிருந்து ஆபீஸ் வரை எதையும் மறைக்காமல் சொன்னான். படிக்காமல் விட்ட வரியையும் சொன்னான். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எத்தனை பேருக்குச் சொன்ன?"

"ஒருத்தனுக்குத்தான்க்கா. ரேடியோவுக்கு."

"அவனுக்குச் சொன்னா ஒருத்தனா?" தைலப் புட்டியை மூடினாள். "எனக்கு ஏன்டா சொல்லல?"

திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தான். இதை மட்டும் அவன் எதிர்பார்க்கவில்லை.

"நீ திட்டுவேன்னுதான்."

"திட்டியிருப்பேன்" என்றாள். "திட்டியிருந்தா நீ நிறுத்தியிருப்ப."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். காபி போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

கொஞ்ச நாளில் அவள் ஸ்கூட்டரை விற்றுவிட்டாள். ஒரு ஓட்டலில் பார்சல் கட்டுகிற வேலை கிடைத்தது; உட்கார ஸ்டூல் உண்டு, சம்பளம் முன்னைவிடக் குறைவு. சுருட்டை மற்றவர்களைப்போலவே போனஸுக்குப் பறந்தான். அது அவனுக்கு ஒழுங்காகவே வந்தது. ஒரு தடவை அதில் பாதியைக் கொண்டுபோய் நீட்டினான். அவள் வாங்கவில்லை; அதற்காக முகத்தையும் சுளிக்கவில்லை. குழந்தைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடு என்றாள். அவன் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது நாத்தனார் என்கிற உரிமையோடு வந்து இரண்டு நாள் தங்கிச் சமைத்தாள். பேச்சு வார்த்தையில் ஒரு குறையும் இல்லை. அந்த விஷயத்தை மட்டும் அவள் மறுபடி எடுக்கவே இல்லை. அவனே எடுத்தாலும், காய் நறுக்குவாள், இல்லை குழந்தையைக் கூப்பிடுவாள்.

அவள் வேலை பார்க்கிற ஓட்டலிலிருந்து ஆர்டர் வந்தால் எவ்வளவு தூரமானாலும் அவன் எடுப்பான். முதல் நாள் அங்கே போனபோது, சின்ன ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா, "நம்பர்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் காத்திருந்தாள். பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். அவன் நம்பரைச் சொன்னான். அவள் பொட்டலத்தின் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்து அவன் கையில் கொடுத்தாள்.

"பார்த்துப் போ" என்றாள்.

அவன் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைக்கும்போதே, அடுத்து வந்தவனிடமும் அவள் அதையேதான் சொன்னாள்.