லாக்கப்பிலேயே விட்டுவிட்ட டிரைவர்

பிள்ளைகளே, நான் நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவன். போன ஞாயிறு மதியம் டிவியில் என் அப்பா காலத்துக் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் ஓடியது. பங்களாவில் ஒரு கொலை. கைலி கட்டிய கறுத்த டிரைவர் வந்து நின்றதுமே என் மகள் கத்தினாள்.

"இவன்தானுங்கப்பா கொலகாரன்!"

"எப்புடிச் சாமி சொல்ற?"

"பாத்தாலே தெரியுதுங்கப்பா."

நானும் கைலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் அவனை அடித்து லாக்கப்பில் போட்டது. கடைசியில், கொன்றது கோட்டுப் போட்ட முதலாளி என்று தெரிந்தது. இனி டிரைவரை விட்டுவிடுவார்கள் என்று காத்திருந்தேன். கதாநாயகனும் நாயகியும் காரில் பாடிக்கொண்டே போக, படம் முடிந்துவிட்டது.

"அந்த டிரைவர உட்டாங்களாங்கப்பா?"

நான் பார்த்த பழைய படங்களையெல்லாம் யோசித்தேன். இப்படி மாட்டிக்கொண்ட டிரைவரை ஒன்றிலும் விட்டதாக நினைவில்லை.

"இல்ல சாமி" என்றேன்.