அப்பாவின் தவறான விடைகள்

அச்சம் எதையும் மிகைப்படுத்தும் என்பதால், உறுதியாக அறிந்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். வடக்கனந்தலில் தனியாக வாழும் அப்பாவின் கைப்பேசியில், நினைவாற்றலைச் சோதிக்கும் செயலி ஒன்றை நிறுவினேன். அன்றாடம் அவர் பெறும் மதிப்பெண் சென்னையிலிருக்கும் எனக்கு வந்துவிடும். குறைந்தால் உடனே அழைப்பேன்.

கடந்த மாதம் மதிப்பெண் தொடர்ந்து சரிந்தது. பதறிப்போய்ச் சின்னசேலத்தில் ரயிலிறங்கி, அவரைக் கள்ளக்குறிச்சி மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மருத்துவர் கேட்டவற்றுக்கெல்லாம் அப்பா சரியாகவே விடை சொன்னார்.

“அப்புறம் போன்ல மட்டும் ஏம்ப்பா தப்புத் தப்பா போட்ட?” என்றேன்.

“கரெக்டா போட்டா நீ எங்க போன் பண்ற? கம்மியா வந்தாதான பதறிக்கினு கூப்புடற!”

இப்போது நாள்தோறும் சோதனைக்கு முன்பே அழைத்துப் பேசிவிடுகிறேன். ஆயினும் எப்போதாவது ஒரு விடை தவறுகிறது. அது மறதியா, நான் மறுபடியும் அழைக்கவேண்டும் என்ற ஏக்கமா என்பது எனக்குத் தெரியவில்லை.