யார் கை தூக்கினாலும்

பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் போகும் ஷேர் ஆட்டோவின் ஓட்டுநர் அவர். வெயிலில் கருத்த முகம், நரைத்த மீசை, எப்போதும் பட்டன் திறந்தே கிடக்கும் காக்கிச் சட்டை. சாலையில் யார் கை தூக்கினாலும் வண்டியை நிறுத்திவிடுவார். உள்ளே இடமே இல்லாவிட்டாலும் நிறுத்துவார். நான் ஏறிய அன்று மொட்டை மாடியில் நின்ற ஒரு குழந்தை கையாட்டியதற்கும் நிறுத்தினார்.

"அண்ணாத்தே, அது டாட்டா காட்டுது. அதுக்கு இன்னாத்துக்கு நிக்கிற? வேலைக்கு நேரமாவுது," என்று பின்னாலிருந்த பெண் கத்தினாள். அவர் குழந்தையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மற்றவர்கள் இறங்கிய பிறகு, ஏன் இப்படி என்று கேட்டேன்.

"மின்னாடி இத்தாலி பக்கம் ஒரு வெள்ளக்காரரோட பாய்மரப் படகுல சமையலுக்கு இருந்தேன் சார். சின்னப் படகு. கரையோரமா ஊர் ஊரா போவோம். அங்க எதிர்ல படகு வந்தா கையாட்டணும், அதான் மரியாதை. ஒருநாள் தூரத்துல ஒரு ரப்பர் படகு. நெறைய ஜனம், எல்லாரும் கையாட்டுனாங்க. நானும் சிரிச்சிக்கினே ஆட்டுனேன். கரைக்குப் போனப்புறம்தான் சொன்னாங்க, அது முழுகிக்கினு இருந்துச்சாம்."

"அவங்களைக் காப்பாத்திட்டாங்களா?" என்றேன்.

"கேக்கல சார். கேக்க தெகிரியம் வரல."

பாரிவாக்கத்தில் இறங்கினேன். விடைபெறும் பழக்கத்தில் கையை உயர்த்திவிட்டேன். கிளம்பிய வண்டி சட்டென்று நின்றது. அவர் தலையை வெளியே நீட்டி என்னையே பார்த்தார். தூக்கிய கையை எப்படி இறக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.