சக்கில் வைத்த மூன்று பொட்டு

கோவிந்தனுக்கு முகச்சவரம் செய்துவிடுவது இந்த மூன்று வாரமாக மனைவி கன்னியம்மாவின் வேலை. ஸ்டூலில் அவனை உட்கார வைத்து, தாடையை ஒரு விரலால் நிமிர்த்தி, நுரையை வழித்து வழித்துக் குவளைத் தண்ணீரில் அலசுவாள். பகல் பதினோரு மணிக்கும் டியூப் லைட் எரிய வேண்டிய வீடு அது. கொரட்டூருக்கு அவர்கள் குடிவந்தபோது இருந்த ஒரே ஜன்னலையும் பக்கத்து வீட்டுக்காரன் சுவர் எழுப்பி மறைத்துவிட்டான்.

கோவிந்தனின் வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். நாளைக் காலை கம்பெனியில் விசாரணை. குடித்துவிட்டு, ஓடுகிற மெஷினில் கையை விட்டான் என்கிறார்கள். நின்ற மெஷினில்தான் கை வைத்தேன் என்கிறான் அவன்.

அவன் அப்பா அம்பத்தூர் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்த வயல்கள் போன பிறகு, பத்தொன்பது வயதில் அங்கே வந்த தொழிற்பேட்டைக்குள் ஒரு லேத் பட்டறையில், கடைசலில் விழும் பித்தளைச் சுருள் கூட்டப் போனான் கோவிந்தன். கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து வேலை கற்றான். இருபத்தொன்பது வருஷம் ஒரே பட்டறை. நடுவில் நன்றாகக் குடித்தான். விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் குடித்த வருஷங்களைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருந்தது.

ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, சக்கில், அதாவது பித்தளையைக் கவ்விக்கொண்டு சுழலும் அந்த இரும்பு வட்டத்தில், மூன்று இடத்தில் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைப்பான். எண்ணெய் தின்று தீர்க்கும்வரை யாரும் அழிக்க மாட்டார்கள். சக் சுற்றினால் பொட்டுகள் சிவப்பு வளையமாகிவிடும். வளையம் உடைந்து மூன்று பொட்டாகத் தெரிந்தால் மெஷின் நின்றுவிட்டது என்று கணக்கு. இரண்டு பக்கமும் பிரஸ் மெஷின்கள் இடிக்கிற இடத்தில் காதை நம்பி வேலை செய்ய முடியாது. கண்தான்.

இந்த வருஷம் பூஜை போட்டோ பளிச்சென்று விழட்டும் என்று லேத்துக்கு மேலே இருந்த குண்டு பல்பைக் கழற்றி டியூப் லைட் மாட்டினான் சம்பத். கன்னியம்மாவின் தம்பி, அதே பட்டறையின் எலெக்ட்ரீஷியன். குண்டு பல்பைப் போல் சீராக எரியாமல், டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு அது தெரியாது. இடைவெளியை மனசே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு முறை ஒளி ஏறும்போதும் ஒரு பொட்டு இருந்த இடத்துக்கே அடுத்த பொட்டு வந்து நின்றால், சக் நிற்கிறது என்று மனசு தீர்ப்புச் சொல்லிவிடும். பூஜை முடிந்த நாலாம் நாள், நிறுத்துகிற பிடியைத் தள்ளினான் கோவிந்தன். அது முழுக்க விழவில்லை, சக் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. மூன்று பொட்டும் தெரிந்தன. சுருளை எடுக்கக் கை நீட்டினான்.

மறுநாளே பழைய பல்பைத் திரும்ப மாட்டிவிட்டான் சம்பத். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் அதைச் சொல்லி அழுதான். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இன்று பாதிச் சவரத்தில் சம்பத் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான். கன்னியம்மாதான் வரச்சொல்லியிருந்தாள்.

"இன்னா மாமா, மாப்ள கணக்கா கீறே."

"நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறேன் இல்ல, அதான். உக்காரு மச்சான்."

கன்னியம்மா சிரிக்கவில்லை. டேபிள் ஃபேனைத் தம்பி முன்னால் இழுத்து வைத்தாள். மூன்று இறக்கையிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். சுவிட்சைப் போட்டதும் பொட்டுகள் வளையமாயின. அணைத்தாள். வேகம் குறைகிறபோது டியூப் லைட் வெளிச்சத்தில் வளையம் உடைந்தது. மூன்று பொட்டு ஆறாகி, ஒரு நொடி அப்படியே நின்றன.

"மூஞ்சில காத்து அடிக்குது இல்ல? பொட்டு நிக்குது பாரு. கைய வுடு."

சம்பத் கையை மடியில் இழுத்துக்கொண்டான்.

"அங்க மூணாவே நின்னுச்சுடா," என்றான் கோவிந்தன்.

"நாளைக்கு வந்து சொல்லு," என்றாள் கன்னியம்மா. "லைட்ட மாத்தினது நீன்னு சொல்லு. மறுநா திரும்ப மாட்டினதையும் சொல்லு."

"சொன்னா என் வேலை பூடும்க்கா. மாமா குடிக்கலன்னு வேணா சொல்றேன். அத்தோட வுட்டுடு."

"அத எவன் நம்புவான்? நீ அவருக்கு மச்சான். லைட்டு சமாச்சாரத்த சொன்னாத்தான் நம்புவான்."

"நம்புறத பத்தி நீ பேசாதக்கா." சம்பத் எழுந்துவிட்டான். "ஆஸ்பத்திரில மொதல்ல நீ இன்னா பண்ணே? கைய பாத்தியா? மயக்கமா கெடந்த மனுசன் வாய மோந்து பாத்தே. பக்கத்துலதான நின்னேன்? கட்ன பொண்டாட்டியே மோந்து பாப்பா, நான் மட்டும் வேலைய வுட்டுட்டு வந்து சாட்சி சொல்லணுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கோவிந்தன் அவளைப் பார்த்தான். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"மெய்யா கன்னி?"

மருந்து நாற்றமும் காலையில் குடித்த டீயின் வாடையும்தான் அன்று வந்தன. இரண்டு தடவை மோந்து பார்த்துத்தான் அவன் குடிக்கவில்லை என்பது அவளுக்கு உறுதியானது. கன்னியம்மா ரேசரைக் குவளையில் அலசினாள்.

"உக்காரு. இன்னொரு பக்கம் கீது."

"மோந்து பாத்தியான்னு கேட்டேன்."

அவள் அலசிக்கொண்டே இருந்தாள். அவன் இடது கையால் துண்டை எடுத்து, சவரம் ஆகாத கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனான்.