தடுத்த கையெழுத்து

செம்மண்டலத்தில் எங்கள் டீக்கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான். கட்டடத்தின் சொந்தக்காரரே வந்து சொன்னார். நான் கடலூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். அவர் ஒரு துணிப்பை நிறைய பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"பில்டர்கிட்ட பேசி முடிச்சிட்டேன். நீயே எழுதிக் குடு. வெளி ஆளுகிட்ட போறதுக்கு எனக்கு இஷ்டம் இல்ல" என்றார்.

அவர் வீடு கடைக்குப் பின்னால், அதே கட்டடத்தில். கழிப்பறை கொல்லையில் இருந்தது. அவர் மனைவிக்கு முட்டி தேய்ந்துபோய் மூன்று படி இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அடுக்குமாடி வந்தால் லிஃப்ட் இருக்கும், எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று சொன்னார். நியாயமான ஆசைதான். அன்றைக்கு அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தேன். "அண்ணே, இடம் ரெண்டு பேர் பேர்ல இருக்குது. சிதம்பரத்துல இருக்குற தங்கச்சியும் கையெழுத்து போடணும்."

அவர் சிரித்தார். "அதுவா? நான் காட்டுற எடத்துல கையெழுத்து போடும்யா. என்னா ஏதுன்னுகூடக் கேக்காது."

அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்தேன். தன்னை ஒருத்தி இவ்வளவு நம்புகிறாளே என்ற பூரிப்பு அதில் இருந்தது. பார்க்கவில்லை என்று நான் சொல்லவே முடியாது.

"நான் எழுதல அண்ணே. கடை போறதுல எனக்குச் சம்மதம் இல்ல. வேற ஆள வெச்சி எழுதிக்குங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "உன் இஷ்டம்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கடை எனக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். ஒரு நாள் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர், புயலில் போன வலைக்கு நிவாரணம் கேட்டு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் டீ மாஸ்டர் எனக்கென்று மூலை பெஞ்சை ஒதுக்கித் தந்துவிட்டார். என் தொழில் அங்கேதான் தொடங்கியது.

எனக்கு மட்டுமில்லை. டீ போடும் இடத்துக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு பெரிய கூடம். கேரம் போர்டு, நாலு பேப்பர், ரத்தம் கொடுக்கிறவர்களின் போன் நம்பர் எழுதிய சுவர். மீன் விற்று முடித்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கேதான் கால் நீட்டுவார்கள். புயலடித்து ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் மாஸ்டர் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து வைத்தார். தெருவில் இருந்த அத்தனை போனும் அங்கே சார்ஜ் ஏறியது.

செய்தியைச் சொன்னதும் கடை கொதித்தது. என் முதல் மனுவை எழுதவைத்த அந்த மீனவர் இப்போது என் நெருங்கிய சிநேகிதர். எங்களுக்குள் மாமன் மச்சான் உறவு கிடையாது, ஆனாலும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் பெஞ்சைத் தட்டி எழுந்து, "மச்சான், நீ எழுது. நான் ஆளக் கூட்டியாறேன்" என்றார்.

எழுதினேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். பேனர் கட்டினோம். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸுக்கு ஐம்பது அறுபது பேர் போய் நின்றோம். மீன்காரப் பெண்கள் கூடையோடு வந்திருந்தார்கள். மனுவை வாங்கிய அலுவலர் பொறுமையாகப் படித்தார். "தனியார் இடம்ங்க. உரிமையாளர் விக்கிறாரு. இதுல நாங்க என்னா பண்ண முடியும்?" என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கு முன்னாலேயே தெரியும்.

திரும்பிக் கடைக்கு வந்தோம். மாஸ்டர் எல்லோருக்கும் டீ போட்டுவிட்டு, "விடுங்கப்பா. எவ்வளவோ செஞ்சீங்க" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு வழி இருக்குது. தங்கச்சி கையெழுத்து போடலன்னா பில்டர் வரமாட்டான்."

தொழிலை நம்பி ஒருவர் காட்டிய காகிதத்தில் பார்த்ததை நான் கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மீனவரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். அவர் ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வஞ்சிரம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர் பழக்கம்.

வடக்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்தம்மா வீடு. கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. ஒரே மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலூரிலிருந்து வருகிறோம் என்றதும் அந்தம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணன் நல்லா இருக்குதா? மாத்திரை ஒழுங்கா போடுதா? நான் போன்ல கேட்டா போட்டேன்னுதான் சொல்லும்" என்றார். காபி வந்தது. முறுக்கு வந்தது.

மீனவர் கடையைப் பற்றிப் பேசினார். ஜெனரேட்டர் கதையைச் சொன்னார். அந்தம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்ல விஷயந்தான் தம்பி. ஆனா எனக்கு என்னா தெரியும்? அண்ணன் போடச் சொன்னா போடுவேன்" என்றார்.

பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அந்தத் துணிப்பையில் இன்னொரு பத்திரமும் இருந்தது. குறிஞ்சிப்பாடியில் இருந்த அப்பா நிலத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து அந்தம்மா கையெழுத்து போட்ட விடுதலைப் பத்திரம். அப்போது கல்யாணமாகி இரண்டொரு வருடம்தான் இருக்கும். இப்படிப் போட்ட கையெழுத்து புகுந்த வீட்டில் எத்தனை வருடம் சொல்லிக்காட்டப்படும் என்பது பத்திரம் எழுதுகிறவனுக்குத் தெரியும். எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்துதான் பேசினேன்.

"இத சொல்லலாமா வேணாமான்னு தெரியலம்மா. உங்க கையெழுத்து வேணுமேன்னு நான் அவருகிட்ட கேட்டேன். 'அது நான் காட்டுற எடத்துல கையெழுத்து போடும், என்னா ஏதுன்னுகூடக் கேக்காது'ன்னு சொன்னாரு."

ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அவர் சிரித்ததை மட்டும் விட்டுவிட்டேன். குரலைத் தாழ்த்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அந்தம்மா முறுக்குத் தட்டை ஓரமாக நகர்த்தினார். "அப்படியா சொன்னுச்சு?" என்று ஒரு தடவை கேட்டார். "எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொல்லுவாரு. சாகுற வரைக்கும் சொன்னாரு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் மீனவர் என் தொடையில் தட்டி, "நல்ல போடு போட்ட மச்சான்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தம்மா கையெழுத்து போடவில்லை. போனில் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடந்த பேச்சு தெருவரை கேட்டதாக மாஸ்டர் சொன்னார். இரண்டு மாதம் பார்த்துவிட்டு பில்டர் வேறு இடம் தேடிப் போனார். கடையில் கேசரி கிண்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். அந்த போட்டோ வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. அதில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன் பிறகு கட்டடத்துக்காரர் கடைக்கு வரவேயில்லை. தினமும் காலையில் வந்து ஒரு ஆட்டம் கேரம் ஆடிவிட்டுப் போகிறவர். இப்போது பால் பாக்கெட் வாங்கக்கூடப் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த தை மாதம் அந்தம்மா மகளுக்குக் கல்யாணம். மீனவருக்கும் எனக்கும் பத்திரிகை வந்தது. அண்ணனுக்கும் தபாலில்தான் அனுப்பியிருந்தார்கள். தாய்மாமனைத் தட்டு வைத்து நேரில் அழைக்காமல் தபாலில் பத்திரிகை போட்டால் வராதே என்றுதான் அர்த்தம்.

சிதம்பரத்து மண்டபத்தில் நாங்கள் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டும் நேரம் வந்தது. ஐயர், "தாய்மாமன் யாரு? வாங்கோ" என்று மைக்கில் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அந்தம்மா மேடை ஓரத்தில் நின்று வாசலையே பார்த்தார். தபாலில் அனுப்பிவிட்டும் வருவார் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் தூரத்து உறவில் யாரோ ஒரு பையனை இழுத்துவந்து நிறுத்தினார்கள். அவனுக்குப் பட்டத்தை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் கட்டடத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் படி இறங்கிக்கொண்டிருந்தார். கட்டடத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிதம்பரம் போனது, சொன்னது, எப்படிச் சொன்னேன் என்பது.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையைப் பிசைந்துகொண்டார்.

"நான் சொன்னது நெசந்தானே. சிரிச்சிக்கிட்டே சொன்னாருன்னு ஒரு வார்த்த சேத்திருக்கலாம் நீ" என்றார். பிறகு, "இத அதுகிட்ட போயி சொல்லிப்புடாத. அநியாயமா அண்ணன ஒதுக்கிட்டோமேன்னு தெரிஞ்சா தாங்காது. கல்யாணம் முடிஞ்சிபோச்சி. இனிமே தெரிஞ்சி என்னா ஆவப்போவுது?"

சரி என்றேன். சொல்லாமல் இருக்கச் சொன்னது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மருமகளுக்கு, அதாவது தங்கை மகளுக்கு, வளைகாப்பு என்று தெரிந்ததும் அவராகவே சிதம்பரம் போனார். அழைப்பு கிடையாது. வளையல், புடவை, பழத்தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு மனைவியை ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். திரும்பி வந்த மறுநாள் தெருவில் என்னைப் பார்த்து நின்றார்.

"போனேன். 'வாங்க'ன்னு கூப்புட்டுச்சு" என்றார்.

"நல்லதுதானே அண்ணே."

"நல்லதா? பேசக் கத்துக்கிட்டதுலேருந்து என்னை 'வா'ன்னுதான் கூப்புடும். அண்ணனுக்கு மரியாதை குடுக்குதாம் இப்ப." அவர் கண் கலங்கியதை நான் பார்க்கக் கூடாது என்று நடந்துவிட்டார்.

அடுத்த நாள் நான் மட்டும் சிதம்பரம் போனேன். மீனவரிடம்கூடச் சொல்லவில்லை. கட்டடத்துக்காரருக்குக் கொடுத்த வாக்கை மீறி அந்தம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்ததைச் சொன்னேன். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். விடுதலைப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன் என்பதையும் சொன்னேன்.

அந்தம்மா திட்டவில்லை, அழவில்லை. "பட்டம் கட்டும்போது நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா."

"அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா? கார் வெச்சி கூட்டியாந்திருப்பேனே."

அந்தம்மா எழுந்து வாசல் கதவைத் திறந்தார். "நீங்க கெளம்புங்க" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அந்தம்மா செம்மண்டலத்தில் வந்து இறங்கியதை நான் கடை பெஞ்சில் இருந்து பார்த்தேன். என்னைப் பார்க்காமல் கடையைத் தாண்டிப் பின்பக்கம் போனார். "அண்ணா, இருக்கியா?" என்ற குரல் கேட்டது. சாயங்காலம் வரை அவர் வெளியே வரவில்லை. அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து கையெழுத்து போட்டார்கள். பில்டர் புதியவர். பத்திரம் எழுதியது வேறொருவர்.

இந்தத் தடவை போராட்டம் நடக்கவில்லை. மறுபடியும் மனு எழுது என்று மீனவர் என்னிடம் வந்தார். முடியாது என்றேன். "எவனோ போயி அந்தம்மா மனச மாத்திட்டான் மச்சான். எவன்னு மட்டும் தெரிஞ்சா…" என்று பல்லைக் கடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஓடு பிரிக்கும் நாளில் எல்லோரும் வந்து நின்றோம். ரத்தம் கொடுப்பவர்கள் நம்பர் எழுதிய சுவரை இடிப்பதற்கு முன் ஒரு ஆட்டோக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டார். மீன்கூடைப் பெண்கள் இப்போது பஸ் ஸ்டாப்பில் வெயிலில் உட்கார்கிறார்கள். மாஸ்டர் மெயின் ரோட்டில் தள்ளுவண்டி போட்டிருக்கிறார். பெஞ்சு போட இடமில்லை. நின்றபடி குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

தினமும் அங்கேதான் குடிக்கிறேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் சர்க்கரை கம்மியாகப் போட்டு நீட்டுகிறார், பக்கத்தில் நிற்பவர்களிடம், "இவருதான் நம்ம கடைக்காகக் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போனவரு" என்று சொல்கிறார். கிளாஸை வாங்கிக்கொள்கிறேன். அந்தம்மா மனதை மாற்ற இரண்டு தடவையும் சிதம்பரம் போனவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.