வளையத்தின் கீழ் நெல்

தர்மபுரத்தில் எங்கள் கூடைப்பந்துத் திடலில்தான் அறுவடைக் காலத்தில் ஊரே நெல் காயப்போடும். வருடாவருடம் பாதித் திடலையாவது விடச் சொல்லிச் சண்டை பிடிப்பேன். "அண்ணை, அப்ப நாங்கள் எங்கை விளையாடுறது?" என்று பக்கத்து வீட்டு அண்ணையிடம் கத்துவேன்.

இந்த மாசியில் கொழும்பில் நடந்த தொழில்முறைப் போட்டிக்கு ஓர் அணி என்னையும் எடுத்தது. ஊரே வந்து பஸ் ஏற்றிவிட்டது. அங்கே போன பிறகுதான், அணியில் நான் ஆடும் இடத்துக்கே வெளிநாட்டிலிருந்து இரண்டு விருந்தினர் வீரர்களை அழைத்திருப்பது தெரிந்தது. கையை உயர்த்தினாலே வளையத்தைத் தொடும் உயரம். எல்லா ஆட்டத்திலும் நான் ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்து அவர்களுக்கு வியர்வை துடைக்கத் துவாயும் தண்ணீர்ப் போத்தலும் நீட்டினேன். அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் கோபப்படவும் வழியில்லை. பத்து வருடம் நான் பழகியது இந்த ஆட்டமே அல்ல என்று தோன்றியது.

திரும்பி வந்த அன்று பக்கத்து வீட்டு அண்ணை திடலில் நெல் பரப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகப் பாதித் திடலை ஒதுக்கத் தொடங்கினார். நான் அவர் கையிலிருந்த நெல் தள்ளும் பலகையை வாங்கி, வளையத்தின் கீழ் வரை நெல்லைத் தள்ளிப் பரப்பினேன்.

"அப்ப நீங்கள் எங்கையடா தம்பி விளையாடுறது?" என்று அவர் கேட்டார்.

நான் மற்றப் பாதியின் கடைசி மூலைக்கும் நெல்லைத் தள்ளினேன்.